ஏணி மார்க்கின் விலை

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் சட்டையைப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் முழுக்க ரத்தம். காய்ந்து அட்டைபோல விறைத்து நின்றது. என்னுடையது இல்லை. எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் மாட்டைச் சாலை ஓரத்துக்கு ஒதுக்கினார். வாய்க்காலில் இறங்கிச் சட்டையைக் கழற்றிக் கசக்கினேன். முழுதாகப் போகவில்லை. பழுப்பாகப் படர்ந்துவிட்டது. பிழிந்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஏறினேன். முன்னால் மலை இருந்தது. பின்னால், வடக்கனந்தல் அரிசி மில் களத்தில், எனக்கு வேலை கொடுத்த அம்மா போலீசுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் இரண்டு வருஷம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு போர்வெல் லாரி, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, சாயப்பட்டறை என்று எந்த இடத்திலும் ஒரு பருவத்துக்கு மேல் நின்றதில்லை. அவரிடம் மட்டும் ஏன் நின்றாய் என்று யாராவது கேட்டால், அடுத்து யாரை அடிப்பார் என்று பார்க்கத்தான் என்பேன். முழுப் பொய் இல்லை.

எல்லோரும் அவரை மொதலாளிம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும். கட்டை குட்டையான உடம்பு. புடவையை இழுத்துச் செருகி, மேலே ஆம்பளைகள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பார். தவிட்டுத் தூசி அரிக்காமல் இருக்க என்று சொல்வார். சட்டைப் பையில் செல்போன், இடுப்பில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி. லோடுமேன்கள் வேலை முடிந்ததும் கொக்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அவர் வீட்டுக்கும் எடுத்துப் போவார்.

நான் சேர்ந்த அன்றைக்கே அடி வாங்கினேன். கள்ளக்குறிச்சியில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த குடோனில் டீ குடிக்க உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது. கையில் கிடைத்த காலிப் பை ஒன்றை விரித்துக்கொண்டேன். இருபத்தாறு கிலோ அரிசி பிடிக்கும் வெள்ளைப் பை. சிப்பம் என்பார்கள். அதன் நடுவே சிவப்பில் ஓர் ஏணி அச்சடித்திருக்கும். டம்ளர் உதட்டுக்குப் போகுமுன் பொறி கலங்கிவிட்டது. டீ ஒரு பக்கம் கிடந்தது, நான் ஒரு பக்கம் கிடந்தேன்.

“படத்து மேலயா குந்தற? உங்கொம்மா மூஞ்சி மேல குந்துவியாடா?”

“தெரியாம குந்திட்டன்மா.”

“இப்ப தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சிச்சும்மா.”

“சாப்ட்டியா?”

யாரை அடித்தாலும் அடுத்து அதைத்தான் கேட்பார். முதலில் அன்பு என்று நினைத்தேன். வெறும் வயிற்றில் அடி வாங்கியவன் மயங்கி விழுந்தால் ஆட்டோ பிடித்து ஏற்றிவிடும் வேலை கூடுதலாகச் சேரும் என்பதால் கேட்கிறார் என்று லோடுமேன்கள் பிறகு சொன்னார்கள். இரண்டும் கலந்ததாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். பையை எப்படி மடிக்க வேண்டும் என்றும் காட்டினார். ஏணி உள்பக்கமாகப் போக வேண்டும். தரையில் படக் கூடாது.

அந்த ஏணிதான் அவருடைய சொத்து. பேச்சுக்குச் சொல்லவில்லை. அதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கிடையாது. வடக்கனந்தல் மில்லை அவருடைய வீட்டுக்காரரும் வீட்டுக்காரரின் தம்பியும் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் செத்த பிறகு கொழுந்தன் பாகம் பிரிக்கலாம் என்றார். சொந்தக்காரர்கள் மில் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே நடந்ததை மொதலாளிம்மாவே பலதடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“மில்லு நீயே வெச்சிக்கன்னேன். பாய்லரு, களம், பின்னால கெடக்கற நெலம், கெணறு எல்லாம் நீயே வெச்சிக்க. ஏணி எனக்குன்னேன். சிரிச்சான்டா. கண்ல தண்ணி வர சிரிச்சான். ‘ஏணிதான அண்ணி, எடுத்துக்கங்க, மரத்துலயும் ஒண்ணு செஞ்சித் தரேன்’னான். புருஷன் போன துக்கத்துல புத்தி பெரண்டுடுச்சின்னு எங்கண்ணனே சொன்னான்.”

புத்தி பிறழவில்லை. குடோனை வாடகைக்குப் பிடித்தார். ஊரில் எந்த மில்லில் நல்ல பொன்னி கிடைத்தாலும் வாங்கி, ஏணிப் பையில் போட்டுத் தைத்து அனுப்பினார். கடைக்காரர்கள் பையைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்கள். கொழுந்தனின் மில்லில் அரிசி முன்போலவே நன்றாகத்தான் வெளுத்து வந்தது. புதுப் பெயர் போட்ட பையில் அதை வாங்கத்தான் ஆளில்லை.

அந்தப் பெயர் எவ்வளவு பெறும் என்று அவர் அடிக்கடி சோதித்துப் பார்ப்பார். சந்தை நாளில் என்னைக் கூட்டிப்போய், ஒரே மூட்டையில் இருந்த அரிசியை இரண்டு பையில் கொட்டச் சொல்வார். ஒன்று ஏணிப் பை, இன்னொன்று வெறும் வெள்ளைப் பை. இரண்டுக்கும் வேறு வேறு விலை சொல்வார். பெண்கள் வந்து இரண்டிலும் கைவிட்டு அள்ளிப் பார்ப்பார்கள், வாயில் போட்டு மெல்வார்கள், விலை ஜாஸ்தியான ஏணிப் பை அரிசியை வாங்கிப் போவார்கள். ஒரு கிழவி வெறும் பை அரிசியைத் துப்பிவிட்டு, “இதுல கல்லுக்கீது” என்றாள். மொதலாளிம்மா என் பக்கம் குனிந்து, “ரெண்டு வெலைக்கும் நடுவுல இருக்குது பாரு, அதான்டா என் மில்லு” என்றார்.

அந்த நடுவில் யாராவது கைவைத்தால் கொக்கி வெளியே வந்துவிடும்.

போலிகளை அவர் தூரத்திலேயே கண்டுபிடிப்பார். எங்கள் ஏணி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். போலி ஏணி நேராக நிற்கும். திருக்கோவிலூரில் ஓர் அரிசிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அவரிடம் இருந்த குட்டி யானை வண்டியை லைசென்ஸ் இல்லாமல் நான்தான் ஓட்டுவேன். கடைக்காரர் கல்லாவுக்கு முன்னால் ஏணிச் சிப்பங்களை அடுக்கியிருந்தார். நேரான ஏணி. மொதலாளிம்மா வண்டியிலிருந்து இறங்கினார். கொக்கியால் மேல் மூட்டையிலிருந்து கீழ் மூட்டைவரை ஒரே இழுப்பாக இழுத்தார். அரிசி கடை முழுக்க ஓடியது. கடைக்காரர் பதறிப்போய் எழுந்து ஷட்டரைப் பிடித்தார். அவரை உள்ளே தள்ளிவிட்டு மொதலாளிம்மா ஷட்டரை இறக்கினார். கடைக்காரர் விரல்களை எடுத்திருக்கவில்லை. அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

கூட்டம் கூடியது. நான் வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்திருந்தேன். மொதலாளிம்மா ஷட்டரைத் தூக்கி, அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்து, “சாப்ட்டியா? போயி கட்டுப் போட்டுக்கினு சாப்புடு” என்றார். போலீசுக்கு யாரும் போகவில்லை. போலி விற்றவன் எந்த முகத்தோடு போவான்?

பொங்கல் கழிந்து அதே கடையில் அதே நேரான ஏணி திரும்ப வந்துவிட்டது. கேள்விப்பட்டதும் அவர் கொதிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். சந்தோஷமாகவே சிரித்தார்.

“வெரலு ரெண்டு மடங்காமப் போச்சி அவனுக்கு. அப்பறமும் போடறான்னா இன்னா அர்த்தம்? அந்தப் பேரு அவன் வெரல விட ஜாஸ்தின்னு அவனே சொல்லிட்டான்டா. இத எவன் சொல்லுவான்? எந்த ஆடிட்டரு சொல்லுவான்?”

அதற்கப்புறம் போய் அவனை மறுபடி அடித்தார். அதை விவரிக்க ஒன்றுமில்லை. முன்பு போலத்தான், இன்னொரு கை.

அவரிடம் எனக்குப் பயம் இருந்தது. ஆனாலும் வண்டியில் பக்கத்தில் அவர் இருந்தால், எந்த ஊருக்குப் போனாலும் என்னை யாரும் டா போட்டுக் கூப்பிடமாட்டார்கள் என்ற தைரியமும் இருந்தது. அவரைத் தவிர. அவர் என்னை ஊர்சுத்தி என்று கூப்பிடுவார்.

இந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பேச வந்தது. பல ஊர் அரிசிப் பெயர்களை வாங்கிச் சேர்க்கிற கம்பெனி. ஏணியையும் வாங்கிக்கொள்கிறோம், அதற்கு முன்னால் மதிப்புப் போட ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மொதலாளிம்மா அன்றைக்கு இரண்டாவது தடவை குளித்தார். விற்றுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“மில்லு கட்டுவேன். அவன் மில்லுக்கு நேர் எதுத்தாப்புல. அவன் காத்தால கதவத் தொறந்தா என் பொகைதான் மூஞ்சில அடிக்கணும்.”

இடத்துக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார். விலை வரவில்லை என்றால் குடோன் வாடகை தவிர அவர் பெயரில் எதுவும் மிஞ்சாது. அதே வாரம், கொழுந்தனின் மில்லிலிருந்தே ஏணிச் சிப்பம் வெளியே வருவதாகச் செய்தி வந்தது. அதுவும் போலியில்லை, சாய்ந்த ஏணி. பழைய அச்சைக் கொண்டே அடித்திருந்தார்கள். மொதலாளிம்மாவின் கை இடுப்புக்குப் போனது. பிறகு இறங்கியது. “கம்பெனிக்காரன் வந்துட்டுப் போவட்டும்” என்றார். அவர் அடிக்காமல் தள்ளிப்போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மதிப்புப் போட வந்தவர் ஒல்லியான மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்தான். கண்ணால் பார்க்க முடியாத சொத்துகளுக்கு விலை போடுவதுதான் தன் வேலை என்றார். பெயர், படம், மருந்து செய்முறை, பாட்டு, இந்த மாதிரி. மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

“இந்தப் படத்த உருவாக்க என்ன செலவாச்சு மேடம்? வரைஞ்சவங்க, அச்சு, விளம்பரம்?”

“சேலத்துல பிரஸ்காரன்கிட்ட, எவனோ பெயிண்டு கம்பெனிக்காரன் வாங்காம உட்டுட்டுப் போன அச்சு கெடந்துச்சி. ஒரு ஓரம் தேஞ்சி சாஞ்சிருந்துச்சி. எங்க வூட்டுக்காரரு ஒரு டீ வாங்கிக் குடுத்து எடுத்துக்கினு வந்தாரு.”

“டீ மட்டுமா?”

“வடையும் துன்னான்னு நெனைக்கறேன்.”

அவர் அழித்துவிட்டு வேறு பக்கம் போனார். “சரி, செலவ வெச்சிப் பாக்க முடியாது. வேற யாராவது உங்ககிட்ட அனுமதி கேட்டாங்களா? நாங்க இந்தப் பேரப் போட்டுக்கறோம், மூட்டைக்கு இவ்வளவு தரோம்னு?”

மொதலாளிம்மா என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

“மணலூர்பேட்டைல ஒர்த்தன் கேட்டான்.”

“ரொம்ப நல்லது! எங்களுக்கு அதுதான் முக்கியம். எவ்வளவு தரேன்னாரு?”

“எனக்கு இன்னா தெரியும்? ‘மூட்டைக்கு’ன்னு ஆரம்பிச்சான். அதுக்குள்ள வாய்ல குத்திட்டேன்.”

“இப்ப போன் போட்டுக் கேக்கலாமா?”

“முன்பல்லு போயிடுச்சி சார்” என்றேன் நான். “பேசினாப் புரியாது.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் நான்தான் சந்தைக் கதையைச் சொன்னேன், இரண்டு பையும் இரண்டு விலையும். அவர் முகம் தெளிந்தது. அதுதான் சரியான வழி என்றார். அந்த வித்தியாசத்தை வருஷத்துக்குப் போகும் மூட்டைகளோடு பெருக்கி, இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பெயர் ஓடும் என்று பார்த்து, அதிலிருந்து ஆபத்தைக் கழித்தால் விலை வந்துவிடும்.

“இன்னா ஆபத்து?”

“இதே படத்த வேற யாராவது போட்டா நீங்க கோர்ட்டுல தடுக்க முடியுமா, அதுதான் மேடம். பதிவு பண்ணியிருக்கீங்களா?”

சொல்லிக்கொண்டே ஒரு சிப்பத்தைப் புரட்டி, அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தார். அந்தப் பெயரின்மேல் வழக்காடும் உரிமையை நாங்களாகவே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று அதில் இருந்தது. அந்தப் பைகளை ஆயிரக்கணக்கில் நான் தைத்திருக்கிறேன். அந்த வரியைப் பார்த்தும் இருக்கிறேன். ‘ஈரம் படாமல் வைக்கவும்’ மாதிரி அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

“யார் மேடம் இதப் போடச் சொன்னது?”

“நான்தான் எழுதிக் குடுத்தேன். பதிவு பண்ண பேருக்கு வரின்னாங்க அப்ப. பதிவும் இல்ல, உரிமையும் வேணாம்னு பத்திரத்துல எழுதி, பையிலயும் போட்டுட்டா வரி கெடையாதுன்னாங்க. சுத்துப்பட்டு மில்லெல்லாம் எழுதிக் குடுத்துச்சி. எழுதாதவன் அரிசி வெல ஏறிப்போயி கடைலயே நின்னுச்சி. நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“பின்னாடி சட்டம் மாறிடுச்சே மேடம். அப்பவாவது இதத் திரும்ப வாங்கிட்டு பதிவுக்குப் போட்டிருக்கலாமே?”

“அப்பறம் இருவத்தஞ்சு கிலோ வரைக்கும் வரின்னாங்க. ஒரு கிலோ ஏத்திப் போட்டோம். வரி போச்சி. அத்தோட உட்டாச்சி. எவன் ஆபீஸ் ஆபீஸா அலையறது? ஏணி மேல கை வெச்சவன என் கையி பாத்துக்கினு இருந்துச்சே!”

இத்தனை நாள் அவருக்குக் கோபம் ஜாஸ்தி என்றுதான் நினைத்திருந்தேன். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகும் வழியைத் தானே அடைத்துவிட்ட ஒரு மனுஷி, மிச்சமிருந்த ஒரே வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். திருக்கோவிலூர்க்காரனின் விரல்கள் அந்தப் பொடி எழுத்தில்தான் முதலில் நசுங்கியிருக்கின்றன.

மதிப்பீட்டாளர் லேப்டாப்பைப் பாதி மூடினார். “மேடம், இந்தப் பேரு இவ்வளவு நாள் நின்னது உங்களாலதான். ஒத்துக்கறேன். ஆனா கம்பெனி பேரத்தான் வாங்கும். உங்கள வாங்க முடியாது. நீங்க விலகிட்டா மறுநாளே ஆளாளுக்கு ஏணி போடுவாங்க.”

“ஏன் வாங்க முடியாது? மாசச் சம்பளம் போடச் சொல்லுங்க. எந்த ஊர்ல போலி வந்தாலும் பஸ் ஏறிப்போயி அடிச்சிட்டு வரேன்.”

அவர் சிரித்தார். மொதலாளிம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். “அறிக்கைல அப்படியெல்லாம் எழுத முடியாது மேடம்.”

“நீங்க கண்ணால பாக்கல. அதான் எழுத வரல. வாங்க, காட்டறேன். எடுறா வண்டிய.”

போலி மூட்டையைக் காட்டப்போகிறார், போட்டோ எடுக்கலாம் என்று அந்த மனிதர் நம்பி வந்தார். வண்டி வடக்கனந்தலுக்குத் திரும்பியபோது மொதலாளிம்மா தலைமுடியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். விலை குறைந்ததே, எனக்குத் திறமை இல்லை என்று நினைத்துவிட்டானே என்ற ஆத்திரம்தான் அவர் முகத்தில் இருந்தது. அடித்துக் காட்டினால் விலை ஏறும் என்று மனசார நம்பினார்.

மில் களத்தில் இரண்டு பெண்கள் அவித்த நெல்லைத் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஏணிச் சிப்பங்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. கொழுந்தன் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“வாங்க அண்ணி. டீ சொல்லட்டா?”

மொதலாளிம்மா ஒரு மூட்டையைக் கிழித்தார். அரிசி அவர் காலில் கொட்டியது.

“கிழிங்க. இன்னும் நாலு வேணாலும் கிழிங்க” என்றார் கொழுந்தன். குரலை உயர்த்தவில்லை. “எம்மூட்டைய கிழிச்சதா நான்தான் கேஸ் குடுக்கணும். படம் இன்னா உங்க அப்பன் வூட்டுதா? ஊருக்குப் பொது. நீங்களேதான எழுதிக் குடுத்தீங்க? சார், பாத்தா படிச்சவராட்டம் இருக்கறீங்க. நீங்க சொல்லுங்க, நான் சொல்றது தப்பா?”

மதிப்பீட்டாளர் பின்னால் ஓர் அடி வைத்தார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“சட்டப்படி அவர் சொல்றது சரிதான் மேடம்.”

“கேட்டீங்களா அண்ணி?” என்று கொழுந்தன் அடுக்கின் மேல் மூட்டையில் கையை வைத்துத் தட்டினார். ஏணியின் மேலேயே தட்டினார். இரண்டாவது தட்டுக்குக் கை எழவில்லை. கொக்கி புறங்கையில் இறங்கி, உள்ளங்கை வழியாக வந்து, பையில் குத்தி நின்றது.

அவர் உடனே கத்தவில்லை. கையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மூட்டையும் கூடவே நகர்ந்தது. அப்புறம்தான் கத்தினார். பையின் வெள்ளை சிவந்து, அரிசிக்குள் ரத்தம் இறங்கியது.

மொதலாளிம்மா கொக்கியின் பிடியை விடாமல் பின்னால் திரும்பினார்.

“எழுதிக்கினீங்களா சார்? பாத்தீங்க இல்ல? எழுதுங்க!”

மதிப்பீட்டாளர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு கேட்டை நோக்கி ஓடினார். ஓடுகிறவரைப் பார்த்து மொதலாளிம்மா, “சார்! சார், வெல இன்னான்னு சொல்லிட்டுப் போங்க!” என்று கூப்பிட்டார். மிரட்டலாக இல்லை. பஸ்ஸைத் தவறவிடுகிறவர் கண்டக்டரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அதற்குள் பாய்லர்க்காரன் விறகுக்கட்டையோடு வந்து அவர் காதோரம் ஓங்கி அடித்தான். அவர் அரிசியில் முட்டிபோட்டு விழுந்தார். நான் பாய்லர்க்காரனை வயிற்றில் உதைத்தேன். அவன் சுடுநெல்லில் போய் விழுந்து அலறினான். பெண்கள் பலகைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் கொழுந்தனைக் கட்டிப்பிடித்து, அவர் வயிற்றோடு என் வயிற்றை அழுத்திக்கொண்டு கொக்கியை உருவினேன். துண்டைச் சுற்றினேன். ரத்தம் அப்போதுதான் என்மேல் ஆனது.

மொதலாளிம்மா எழுந்திருக்கவில்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்துச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி. சாப்ட்டியா?”

“இன்னும் இல்ல அண்ணி” என்றார் அவர், அழுதுகொண்டே.

“ஆஸ்பத்திரில தைக்கச் சொல்லு. தச்சிட்டு சாப்புடு.”

பாய்லர்க்காரன் எழுந்து வந்து கொழுந்தனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். களத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்டுக்கு வெளியே ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையாட்டினார். ஓடினால் பயந்துவிட்டதாகப் பேசுவார்கள், பேசினால் நாளைக்கே எல்லோரும் ஏணி போடுவார்கள் என்றார். அப்போதும் அவருக்கு அந்த நினைப்புதான்.

“நீ கௌம்பு. உன் பேரு இன்னான்னு போலீசு கேட்டா எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல. போடா ஊர்சுத்தி.”

வண்டிச் சாவியை மூட்டை மேல் வைத்துவிட்டு, மில்லின் பின்பக்கம் சுவரேறிக் குதித்து நடந்தேன்.

அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி என்னை ஏற்றிக்கொண்டது. சட்டையைப் பற்றி டிரைவர் கேட்கவில்லை. வெள்ளிமலை பஸ் நிழற்குடையில் படுத்தேன். மேலே குளிர் அதிகம். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு சுருண்டுகொண்டேன்.

மறுநாள் காலை டீக்கடையில் நின்றபோது பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கேட்டார், மூட்டை தைக்கத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். உள்ளே கூட்டிப்போனார். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். தரையில் பெயரில்லாத அரிசி குவியலாகக் கிடந்தது. மூலையிலிருந்து ஒரு பைக்கட்டை இழுத்துவந்து கயிற்றை அறுத்தார். புத்தம்புது சிப்பப் பைகள். சிவப்பு ஏணி, நேராக நின்றது.

“போன வருசமே அச்சடிச்சி வெச்சது. வெளிய எடுக்கவே பயம். கள்ளக்குறிச்சில ஒரு பொம்பள இருக்குது, கொக்கியோட வந்துடும். நேத்து அதப் புடிச்சிட்டாங்களாம். ராத்திரியே போன் வந்துச்சி. செய்றியா? சாப்பாடு உண்டு.”

செய்கிறேன் என்றேன். தையல் மிஷினில் நூலைக் கோத்தேன். அவர் பையைப் பிடிக்க, நான் அரிசியை அள்ளிப் போட்டு, நிறுத்து, வாயை மடித்துத் தைத்தேன். இரண்டு பை முடிந்திருக்கும். வளைவில் ஒரு வண்டி ஏறிவரும் சத்தம் கேட்டது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நானும் மிஷினை நிறுத்திவிட்டு ஷட்டருக்குக் கீழே தெரிந்த சாலையைப் பார்த்தேன். பால் வண்டி. கடந்து போயிற்று.

“தை, தை” என்றார் அவர்.

அடுத்த பையைத் தைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வண்டி ஏறியது. இரண்டு பேரும் நிறுத்தினோம்.